அவசரப் பையில் மாமனார்

“பூனைக்குத் தீனி வச்சிருக்கே, டார்ச்சுக்கு பேட்டரி வச்சிருக்கே, அந்த பேட்டரி நனையக்கூடாதுன்னு அதுக்கு ஒரு கவர் வச்சிருக்கே, என்னை எதுல வச்சிருக்கே?” என்று ஏகாம்பரம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மனோரஞ்சிதம் அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கான பையில் மெழுகுவர்த்திக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் செருகி, ரேஷன் கார்டு ஜெராக்ஸை ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, பதில் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்து வளர்ந்தவள் என்பதால் கோபம் வந்தால் அவளுக்கு எதையாவது மடித்து அடுக்கியாக வேண்டும், அடுக்கி முடித்த பிறகுதான் வாய் திறக்கும், திறந்தால் மூடாது.

“பையில ஆளையா மாமா வைப்பாங்க? ஆளுங்கதான் பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க.”

“ஓட முடிஞ்சவங்க ஓடுவாங்க. எனக்கு?”

“உங்களைத் தூக்க ஆள் வரும்.”

“எப்ப வரும்?”

இதற்கான பதில் ஏற்கெனவே ஒருமுறை அந்த வீட்டில் சொல்லப்பட்டிருந்தது. அல்லிக்குளம் நகர் என்று பேர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை; குளத்தைத் தூர்த்து, அல்லியைப் பிடுங்கி, மனை பிரித்து, ரோடு போட்டுவிட்டு, பேரை மட்டும் குளத்துக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள், அதனால் ஐப்பசி கார்த்திகை வந்தால் தண்ணீர் சொந்த வீட்டுக்கு வருவதைப்போல காலிங் பெல் அடிக்காமல் உள்ளே வந்து ஹாலில் உட்கார்ந்துகொள்ளும். முந்தைய வெள்ளத்தில் அது ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தது. படகு கொண்டுவந்த மீனவர்கள் மாடிப்படியோரம் நின்று உள்ளே எத்தனை பேர் என்று கேட்டபோது, அவள் கணவன் தயாளன், எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற சாது, “அப்பாவை அப்புறம் எடுத்துக்கலாம்” என்றான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. படகு நிறையக் குழந்தைகள் இருந்தார்கள், ஏகாம்பரத்துக்கோ இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடை கிடையாது, ஆளும் கனம், அதோடு மத்தியானமே படகு திரும்பி வந்து அவரைப் பத்திரமாகக் கொண்டுபோயும் சேர்த்தது. ஆனால் அந்த இடைவெளியில் டைனிங் டேபிள்மேல் தனியாக உட்கார்ந்து, மிதந்து வந்த ஃப்ரிட்ஜ் டேபிளை முட்டுவதும் விலகுவதும் மறுபடி வந்து முட்டுவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ‘அப்புறம்’ என்ற அந்த ஒரு வார்த்தையை வெற்றிலைபோல வாயில் அதக்கிக்கொண்டுவிட்டார், அன்றிலிருந்து துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

“இந்தத் தடவை உங்களைத்தான் முதல்ல வெளிய கொண்டுபோவேன், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். போதுமா?” என்று ஜிப்பை இழுத்தாள் மனோரஞ்சிதம். எரிச்சலில்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அவளுக்கே தெரிந்தது, வாய்விட்டுவிட்டோம், இனி இதைச் செய்தாக வேண்டும் என்று.

“எதுல?” என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் காபியோடு பின்னறைக்குப் போனபோது போர்வை மடித்துக் கிடந்தது, கட்டில் காலி. ஹாலில் வாசலோரம் நின்ற அவசரப் பை பாதி திறந்திருக்க, அதற்குள் மெழுகுவர்த்திக் கட்டின்மேல் முதுகு சாய்த்து, முழங்கை நீளத்துக்குக் குறுகி, கண்ணாடியும் வேட்டியும் அதே அளவுக்குக் குறுகியிருக்க, ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். தபால் ரயிலில் ஊர் ஊராகக் கடிதம் பிரித்துப் போட்டு, தபால் மூட்டைகளுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்கி ரிடையர் ஆனவர், ஆகையால் பைக்குள் இருப்பது அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை.

“பிஸ்கட்மேல உக்காராதீங்க மாமா, நொறுங்கிடும்” என்றாள் மனோரஞ்சிதம்.

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். இருமல் மருந்து மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தாள். தயாளன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, “அப்பா எங்கே?” என்றான். “பையில” என்றாள். “ஓ. உள்ளே புழுங்காதா அவருக்கு?” என்று குனிந்து பார்த்துவிட்டு, ஜிப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போனான்.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜரீனா, பையைத் தாண்டிப் போகும்போது உள்ளிருந்து “நல்லா இருக்கியாம்மா?” என்று குரல் வர, “இருக்கேன் பெரியப்பா” என்றாள். பிறகு சமையலறையில் குரலைத் தாழ்த்தி, “அக்கா, இது எப்படி, அவங்களா போனாங்களா, நீங்க சொன்னீங்களா?” என்று விசாரித்தாள்.

“நான் எதுக்குடி சொல்லப் போறேன்? பை வாங்கினோம், அவரு ஏறி உக்காந்துட்டாரு.”

“எங்க மாமிகிட்டயும் ஒரு பேச்சு கேட்டுப் பாக்கறேன். மழைன்னாலே அவங்களுக்கு நெஞ்சு படபடங்குது.”

ஜரீனாவின் மாமி கேட்டதும் போனார். எதிர்வீட்டுத் தாத்தா கேட்காமலே போனார். மாதம் ஒன்று முடிவதற்குள் அல்லிக்குளம் நகரில் வயதானவர்கள் இருந்த வீடுகளிலெல்லாம் அவர்கள் பைக்குள் இருந்தார்கள், தெருக்கோடித் தையல்காரர் பைகளுக்குக் கொசுவலைத் துணியில் ஜன்னல் வைத்துத் தைத்துக் கொடுத்தார், மருந்துக்கடையில் மாத்திரையைக் கால் கால் துண்டாக நறுக்கியே விற்றார்கள், கிளினிக் டாக்டர் விரல்நுனியால் நாடி பிடித்துப் பார்த்து, பிரஷர் முன்பைவிட நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். குறுகினவர்களுக்கு முகமும் குறுகியதால், ஆஸ்பத்திரித் தொட்டிலில் வரிசையாகக் கிடக்கிற பச்சைக் குழந்தைகளைப்போல எல்லோரும் ஒரே ஜாடையாகிவிட்டார்கள், அவரவர் வீட்டுக்கு மட்டும் அவரவரை அடையாளம் தெரிந்தது; அதற்கு முன்னாலும்தான் என்ன பெரிதாகத் தெரிந்தது என்று மனோரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள், எதிர்வீட்டுக் கார் நம்பரை மனப்பாடமாகச் சொல்கிற ஜனங்கள் அந்த வீட்டுப் பின்னறையில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததுண்டா?

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கோதண்டம் அவசரக் கூட்டம் போட்டார். பைகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தவர் அவர்தான், எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே அளவு, தண்ணீர் புகாத துணி, தோளில் மாட்ட ஒரே மாதிரிப் பட்டை, ஆகவே பைக்குள் நடந்த நல்லதெல்லாம் தன்னால் நடந்தது என்று அவருக்கு ஒரு எண்ணம். “மத்த நகர்ல எல்லாம் வெள்ளம் வந்தா பெரியவங்களை நாற்காலியோட தூக்கறாங்க. நாம ஒரு படி மேல போயிட்டோம்” என்றார். பை மாறிப்போகக்கூடாது, எல்லோரும் பட்டையில் கதவு எண்ணை அழியாத மையில் எழுதுங்கள் என்றார், எல்லோரும் கைதட்டினார்கள், எழுதவும் எழுதினார்கள். அந்த நகரில் ஒவ்வொரு கேட்டிலும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று இரண்டு எண் தொங்குகிறது, கூரியர்காரர்கள் அழாத குறையாகத் திரிகிறார்கள், இதில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று செயலாளரும் சொல்லவில்லை, கைதட்டினவர்களும் கேட்கவில்லை. மனோரஞ்சிதம் தன் முத்துப்போன்ற கையெழுத்தில் புதிய எண்ணை எழுதினாள்.

அதற்குப் பிறகு வெயில் அடித்த நாட்கள்தான் மோசமானவை. மழை வரவில்லை, பை மட்டும் வீட்டில் இருந்தது. பின்னறைகள் காலியாகின, சிலர் அங்கே பேச்சிலர் பையன்களைக் குடிவைத்தார்கள், சிலர் பூஜை அறையாக்கினார்கள், தயாளன் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி நிறுத்தி அதில் துண்டு காயப்போட்டான். முதலில் சோபாவில் இருந்த பைகள் சோபாவுக்கு அடியில் போயின, அங்கே துடைப்பம் இடிக்கிறது என்று செருப்பு அலமாரிக்குப் போயின, விருந்தாளி வருகிறார்கள் என்று பரணுக்கும் போயின. “அவசரத்துக்குத்தானே, அவசரம் வந்தா எடுத்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டார்கள். பைக்குள் இருந்தவர்களும் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எடுத்துப்போகிற சாமான்களில் தாங்களும் ஒன்றாக இருக்கிறோம் என்ற நிச்சயம்தான்.

மனோரஞ்சிதம் தன் பையை டைனிங் டேபிளைவிட்டு இறக்கவில்லை. ஆனால் அவளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெட்பேன் இல்லை, முதுகுப்புண்ணுக்குப் பவுடர் இல்லை, சாம்பாரில் உப்பு இல்லை என்கிற புகார் இல்லை, மூன்று ஸ்பூன் ரசஞ்சாதத்தில் சாப்பாடு முடிந்தது, வீடு திடீரென்று விசாலமாகிவிட்டது, மத்தியானம் கால் நீட்டித் தூங்க முடிந்தது; தூங்கி எழுந்ததும், இது எனக்குப் பிடித்திருக்கிறதே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் பையண்டை போய் நின்று அவரையே வைதாள்.

“வெளியதான் வாங்களேன் மாமா. கொஞ்ச நேரம் கட்டில்ல படுங்க. எத்தனை நாளைக்கு இப்படி ஊறுகாய் மாதிரி உள்ளயே உக்காந்திருப்பீங்க?”

“வந்தா பெருசாயிடுவேன்மா.”

“பெருசானா என்ன இப்போ?”

“பெருசா இருக்கறவனை அப்புறம்தான் எடுப்பாங்க.”

“நான் எடுக்கறேன்னு சொன்னேன் இல்ல?”

“நீ எடுப்பே” என்றார் ஏகாம்பரம், கொசுவலைக்குப் பின்னாலிருந்து. “நீ அந்த நேரத்துக்கு வீட்டுல இருக்கணுமே.”

அதன்பின் மனோரஞ்சிதம் வீட்டைவிட்டு நகர்வதை நிறுத்தினாள். தங்கை மகள் வளைகாப்புக்குப் போகவில்லை, பள்ளித்தோழிகள் கூடிய விருந்துக்குப் போகவில்லை, காய்கறிக்காரன் வண்டியண்டை நின்று பேரம் பேசும்போதுகூட பை அவள் தோளில் தொங்கியது, உள்ளிருந்து அவர் கத்தரிக்காய் முற்றல் என்று அபிப்பிராயம் சொன்னார்.

மழை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிடித்துக்கொண்டது, பிடித்தது விடவில்லை; மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், லாரிகள் வந்து ஹாரன் அடித்தபோது தொடை மட்டம். தயாளன் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தலைமேல் தூக்கிக்கொண்டான், அவனைப்போலவே நகர் ஆண்களெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிகளைத் தலையில் சுமந்து ஊர்வலமாக நடந்தார்கள், பின்னால் பெண்கள் ஆரஞ்சுப் பைகளோடு. லாரியடியில் கோதண்டம் ரெயின்கோட்டில் நின்று, “பைகளெல்லாம் சின்ன வண்டி, ஆளுங்க எல்லாம் பெரிய வண்டி” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“பையை நான் மடியில வச்சுக்கறேன்” என்றாள் மனோரஞ்சிதம்.

“மேடம், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க.”

“உள்ள ஆள் இருக்கு சார்.”

“எல்லார் பையிலயும்தான் ஆள் இருக்கு. வழிவிடுங்க, பின்னாடி கைக்குழந்தைக்காரங்க நிக்கறாங்க பாருங்க.”

பின்னால் ஜரீனா கைக்குழந்தையோடு ஒரு பள்ளத்தில் கால் இடறிச் சாய்ந்தாள். மனோரஞ்சிதம் திரும்பி இரண்டு கையாலும் அவளைப் பிடித்தாள், அந்த நேரம் தோளிலிருந்த பட்டையை யாரோ உருவினார்கள். கொசுவலை வழியாக, “குடுத்துடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஏகாம்பரம் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது, பிறகு பை கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலே போய், அதைப்போலவே இருந்த மற்றப் பைகளோடு சேர்ந்து ஆரஞ்சுக் குவியலாகிவிட்டது.

கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். முந்தைய நாள் வரவேற்பின் ஜிகினா இன்னும் மேடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கோதண்டம் பட்டையில் இருந்த எண்ணைப் படித்துப் படித்துப் பைகளைக் கொடுக்க, வாங்கினவர்கள் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்து, எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மனோரஞ்சிதம் சாப்பாட்டைத் தொடாமல் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே இருந்தவர் ஜரீனாவின் மாமி.

“நீ யாரும்மா?” என்றார் மாமி.

“பக்கத்து வீடு.”

“கறிவேப்பிலையா?”

“ஆமா, கறிவேப்பிலை.”

அவளுடைய புதிய எண் ஜரீனா வீட்டுக்குப் பழைய எண். மண்டபத்தில் அது ஒரு நொடியில் எல்லோருக்கும் புரிந்துபோயிற்று, பொட்டலங்களை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள், கோயில் வாசலில் செருப்புத் தேடுகிறவர்களைப்போல ஒருவர் பையை ஒருவர் திறந்து பார்த்து, “இது எங்க அப்பா இல்லைங்க”, “கொஞ்சம் அந்தப் பக்கம் கேளுங்க”, “எங்க அத்தைக்குக் காதுல கம்மல் இருக்கும் பாருங்க” என்று பைகளை மாற்றிக்கொண்டார்கள். மனோரஞ்சிதம் வரிசை வரிசையாகப் போனாள், கேட்காமலே ஜிப்பைத் திறந்தாள், திட்டினவர்களைத் திருப்பித் திட்டினாள், சின்ன வண்டி மறுபடி தண்ணீருக்குள் போயிருக்குமோ, அதில் ஒரு பை மூலையில் சரிந்து கிடக்குமோ என்று நினைத்தபோது, முதலில் உங்களைத்தான் என்று சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. சமையல்கட்டுக்குப் போகிற வழியில், முன்பின் பேசியிராத ஒரு குடும்பம் மாற்றலில் கைக்கு வந்த ஒரு பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. திறக்கக்கூட இல்லை. அவள் குனிந்து இழுத்துத் திறந்தாள், ஏகாம்பரம் மெழுகுவர்த்தியில் சாய்ந்திருந்தார்.

“கூப்பிடறதுக்கு என்ன கேடு?” என்றாள்.

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கம்மா. தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன்.”

அவள் அவரை இரண்டு கையாலும் அள்ளி வெளியே எடுத்தாள். எடுத்த கையிலேயே அவர் கனத்தார், இறக்கி நாற்காலியில் வைப்பதற்குள் பழைய ஏகாம்பரமாக, தொந்தியும் பிடரி நரையும் நடக்காத காலுமாக ஆகிவிட்டார். மண்டபம் முழுக்க அதேதான் நடந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்கள் வெளியே வந்தார்கள், வந்ததும் வளர்ந்தார்கள், நாற்காலி போதவில்லை, டீயில் சர்க்கரை இல்லை, ஃபேனைக் குறை, கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒரே சத்தம். தயாளன் பேட்டரியை ஓரமாக வைத்துவிட்டு வந்து அப்பாவின் ஈரமான காலைத் துடைத்தான்.

மேடையில், மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலியில், ஒரு பை மிச்சமிருந்தது. “அதை அப்புறம் பாக்கலாம் மேடம்” என்றார் கோதண்டம். மனோரஞ்சிதம் ஏறிப்போய்ப் பார்த்தாள். பட்டையில் எண் எழுதியிருந்த இடம் தேய்க்கப்பட்டு வெளுத்திருந்தது. மழையில் கரைகிற மை இல்லை அது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை இன்னும் போகவில்லை.

உள்ளே ஒரு அம்மாள், முழங்கைகூட இல்லை, உள்ளங்கையளவு இருந்தார், முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

“எந்த வீடும்மா நீங்க?”

“தெரியும். சொல்லமாட்டேன்.”

“இங்க வந்திருக்காங்களா?”

“வந்திருக்காங்க. என் பிள்ளை இருமினது கேட்டுது.”

“அப்போ வெளிய வாங்க, நான் கைகொடுக்கறேன்.”

“வெளிய வந்தா வளந்துடுவேன், முகம் தெரிஞ்சிடும். அத்தனை பேருக்கு முன்னால அவனுக்குத் தலைகுனிவு எதுக்கு?”

“சரி, விடுங்க. எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கு” என்று மனோரஞ்சிதம் சொன்னபோது அந்த அம்மாள் சிரித்தார்.

“நீ தூக்கிட்டுப் போயிட்டா அவங்களுக்கு சௌகரியமாப் போயிடும் கண்ணு. அவனே வந்து எடுக்கட்டும். நான் இருக்கேன்.”

வரவேற்புக்காரர்கள் விட்டுப்போன மைக் அங்கேயே நின்றது. மனோரஞ்சிதம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, பள்ளியில் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கிய அந்தத் திருத்தமான குரலில், மேடையில் ஒரு பை இருக்கிறது, உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும் என்றாள். யாரும் எழவில்லை. அவளுக்கு இயல்பான குரலில், நம்பரை அழிச்சா ஆள் அழிஞ்சிடுமா, பெத்தவளைச் செருப்பு ஸ்டாண்டுல வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு மேடைக்கு ஏறிவரத் தெரியாதா என்று கேட்டாள். கோதண்டம் கைகாட்டித் தடுத்தார், ஜரீனா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள், தயாளன் தலை நிமிரவில்லை, கீழே ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எலுமிச்சை சாதத்தில் நிலக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது, யாரோ ஒருவர் இருமலை அடக்கினார். பைக்குள் அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் குறுகினார், இப்போது ஒரு விரல் அளவுக்கு வந்திருந்தார்.

மனோரஞ்சிதம் மைக்கை வாயருகே கொண்டுவந்தாள். கோபம் எங்கோ போயிருந்தது, அடுக்கி வைக்கவும் கையில் எதுவும் இல்லை.

“பேர் சொல்ல வேண்டாம்” என்றாள். “நான் எதுவும் கேக்கமாட்டேன், வேணும்னா எல்லாரையும் கண்ணை மூடிக்கச் சொல்றேன். ஒரு தடவை மேல வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. தயவுசெஞ்சு.”